வாசலில் செருப்பு இருக்கிறது, அம்மா இல்லை: இறுக்கமான மதக் குழுவுக்குள் வளர்ந்த பிள்ளையைக் கதையாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2003. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றிக் கிடந்த வருஷம். பெரம்பூரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பள்ளி அரைநாளோடு விட்டதால் மதியமே வீட்டுக்கு வருகிறாள். கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பு அணைந்திருக்கிறது, குக்கர் இன்னும் சூடாக இருக்கிறது. முறத்தில் அரிசி, பாதி பொறுக்கியபடி. வாசலில் அம்மாவின் செருப்பு ஜோடியாக இருக்கிறது. அம்மா மட்டும் இல்லை.

வேறு வீட்டுப் பிள்ளை என்றால் இரண்டு தடவை "அம்மா" என்று கத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். இவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இயேசு சத்தமில்லாமல் வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற இரகசிய வருகை நடந்து முடிந்துவிட்டது. திரிகை அரைக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் கைவிடப்படுவாள் என்று ஞாயிறுதோறும் கேட்ட வசனம் இப்போது இந்த வீட்டில் நிறைவேறியிருக்கிறது. காலையில் கணக்கு நோட்டைப் பற்றி டீச்சரிடம் சொன்ன ஒரு பொய்தான் காரணம். இருபது நிமிஷம் கழித்து அம்மா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக வெறுங்காலோடு வந்தாள். தெருமுனையில் தண்ணி லாரி வந்திருந்தது.

அந்தப் பிள்ளை நான்தான். இந்த இருபது நிமிஷத்தைக் கதையாக எழுதப் பார்த்து ஐந்தாறு தடவை தோற்றிருக்கிறேன். இப்போது வார இறுதிகளில் சிறுகதைப் பட்டறை நடத்துகிறேன். வருகிற கதைகளில் மாதத்துக்கு ஒன்றாவது இந்த ரகமாக இருக்கும். ஆசிரமத்தில் வளர்ந்தவள், ஜமாஅத் ஊர்விலக்கு வைத்த குடும்பம், ஜெபக்கூட்டத்திலிருந்து ஓடியவன். பெரும்பாலும் எல்லாரும் தோற்கிற இடம் ஒன்றுதான்: உள்ளே இருக்கிற பிள்ளையின் கண்ணால் பார்க்காமல் வெளியே நின்று எழுதுவது. அதைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி.

படி 1: சாமியாரை மேடையிலிருந்து இறக்குங்கள்

தமிழில் இந்தப் பொருளைத் தொட்டால் கை முதலில் போவது போலிச் சாமியாரிடம். 1952-ல் வந்த ‘பராசக்தி’யில் கதியற்ற பெண்ணிடம் தப்பாக நடக்கப் பார்க்கும் பூசாரி தொடங்கி, நேற்று வந்த காமெடிச் சாமியார் வரை நமக்கு அது பழகிய பாதை. நல்ல மரபுதான். நாட்டுக்குத் தேவையான வேலையைச் செய்த மரபு. ஆனால் நையாண்டிக்காரன் வாசலுக்கு வெளியே நின்று பார்க்கிறான். உள்ளே நடப்பது மோசடி என்று அவனுக்கு முன்னமே தெரியும். உள்ளே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. அதற்கு அது வீடு; சோறு கிடைக்கிற இடம்; சித்தி, பெரியம்மா எல்லாம் இருக்கிற இடம்.

ஆகவே தலைவரைக் குறையுங்கள். ஒரே ஒரு காட்சியில் வரட்டும், அதுவும் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டு. என் கதை கொஞ்சமாவது உருப்பட்டது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் அதிகாரத்தை யார் நடத்துவது? பக்கத்தில் இருப்பவர்கள்தான். எங்கள் கூட்டத்தில் நகை கூடாது. பெண் பிள்ளைகளுக்குக் காது குத்த மாட்டார்கள். பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்கு டீச்சர் என் காது மடலில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார். மேடையை விட்டு இறங்கியதும் பிய்த்துப் போட்டுவிட்டேன். மறுநாள் கூட்டத்தில் பின்வரிசை ஆன்ட்டி என் காதைத் தொட்டுப் பார்த்தார். பசை பிசுபிசுவென்று இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தப் பாஸ்டரும் பிரசங்கம் பண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) இந்த வகையில் நல்ல பாடப்புத்தகம். பெண்களை வீட்டுக்குள் வைத்திருக்கும் ஒழுங்கை அங்கே பெண்களே ஒருவருக்கொருவர் காவல் காத்து நடத்துகிறார்கள். வில்லன் என்று விரல் நீட்ட ஒரு ஆள் அகப்பட மாட்டார்.

படி 2: பக்தி எங்கே முடிகிறது, பிடி எங்கே தொடங்குகிறது

இதை எழுதுவதற்கு முன்னால் உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். கதையில் சொல்ல வேண்டாம்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் மூளையைக் கழுவிய முறைக்கு ஆளானவர்கள் 40 பேரை ஹாங்காங்கில் பேட்டி கண்டு 1961-ல் புத்தகமாக எழுதினார். அதில் எட்டு அடையாளங்களைச் சொல்கிறார்: வெளியிலிருந்து வரும் செய்தியை அடைப்பது, நடப்பதெல்லாம் தெய்வச் செயல் என்று காட்டுவது, தூய்மையைக் கேட்டுக்கொண்டே இருப்பது, பாவ அறிக்கையை வழக்கமாக்குவது, கொள்கையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்குவது, தனிமொழி உண்டாக்குவது, அனுபவத்தைவிடக் கொள்கையைப் பெரிதாக்குவது, கடைசியாக யார் மனிதர், யார் மனிதரே இல்லை என்று தீர்ப்பதை எடுத்துக்கொள்வது.

பட்டறையில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் எட்டையும் கதையில் நுழைத்துக்கொண்டு வருவார்கள். அரசு நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் மாதிரி இருக்கும். இரண்டை எடுங்கள், ஆழமாக. மிச்சத்தை வாசகர் ஊகித்துக்கொள்வார். இந்த எட்டில் மதம் என்ற சொல் கட்டாயமில்லை என்பதையும் கவனியுங்கள். லிஃப்டன் ஆராய்ந்ததே ஒரு கட்சி அரசை. சாதிச் சங்கம், எம்எல்எம் கூட்டம், ஒரே ஒரு குடும்பம்கூட இப்படி இயங்கலாம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் எளிது. மயிலாப்பூரில் தினம் மூன்று வேளை பூஜை செய்கிற தாத்தா, பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடக்கிற அத்தை, ஐந்து வேளை தொழுகிற மாமா, இவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும்? சண்டை நடக்கும், அழுகை நடக்கும், இரவு சாப்பாடும் நடக்கும். சாப்பாடு நின்றுபோகிற வீட்டைத்தான் நீங்கள் எழுதப்போகிறீர்கள்.

படி 3: அகராதி ஒன்று போடுங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையும் இதில்தான். கதை எழுதுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அந்தக் குழு பேசுகிற சொற்களை எழுதுங்கள். சொல்லுக்கு எதிரே, அந்தச் சொல் எந்தக் கேள்வியை வாயடைக்கிறது என்று எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் ‘உலகத்தார்’ என்றால் நாங்கள் தவிர மீதி எல்லாரும். பள்ளித் தோழி, மளிகைக்கடை அண்ணாச்சி, இன்னொரு சபைக்குப் போகிற சொந்தத் தாத்தா வரை. ‘இடறல்’ என்றால் மற்றவர் கண்ணில் படுகிற எதுவும். என் காதுப் பசை ஒரு இடறல். ‘பாரம்’ என்றால் பயம், ஆனால் பயம் என்று சொல்லக்கூடாது. ‘ஒப்புக்கொடு’ என்றால் இனி பேசாதே. ‘பின்மாற்றக்காரர்’ என்றால் போனவர். அவர் பெயரை உச்சரிப்பதில்லை, ஆல்பத்தில் அவர் நிற்கிற போட்டோவும் மெல்லக் காணாமல் போய்விடும்.

ஆசிரமத்துக்கு வேறு அகராதி. அங்கே வளர்ந்த ஒரு சிநேகிதியோடு திருவான்மியூர் கடற்கரையில் உட்கார்ந்து ஒருநாள் சொற்களை மாற்றிக்கொண்டோம், கிரிக்கெட் கார்டு மாற்றுகிற மாதிரி. நான் ‘ஒப்புக்கொடு’ கொடுத்தேன், அவள் ‘சேவை’ கொடுத்தாள்: காலை நாலு மணிக்கு எழுந்து நூறு பேருக்குக் காய் நறுக்குவது. ‘பக்குவம் வரல’ என்றால் நீ கேட்ட கேள்வி சரியானது. ‘ஈகோ’ என்றால் உனக்கு வலிக்கிறது. ‘கர்மா கழியுது’ என்றால் உனக்கு ரொம்பவே வலிக்கிறது. சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் "நாலு மணி இன்னும் எழுப்பி விட்டுடும்டி" என்றாள்.

இந்தச் சொற்களைக் கதையில் விளக்காதீர்கள். பிள்ளை அவற்றை இயல்பாகப் புழங்கட்டும். "இன்னிக்கு தமிழ் மிஸ்ஸுக்கு நான் இடறலாயிட்டேன்" என்று ஒரு பத்து வயசுப் பிள்ளை சொன்னால் வாசகர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜெனெட் வின்டர்சன், பெந்தெகொஸ்தே குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்ததை வைத்து எழுதிய ‘ஆரஞ்சஸ் ஆர் நாட் தி ஒன்லி ஃப்ரூட்’ (1985) நாவலின் எட்டு அத்தியாயங்களுக்கும் பைபிளின் முதல் எட்டு ஆகமங்களின் பெயரையே வைத்தார், ஆதியாகமத்திலிருந்து ரூத் வரை. தன்னை வெளியே தள்ளியவர்களின் மொழியிலேயே தன் கதைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டார். சிரிப்பும் வருகிற நாவல் அது. இந்தப் பொருளில் சிரிப்பு கூடாது என்று யார் சொன்னது? ஜெபக்கூட்டத்தில் மாமா ஒருவர் ஆவியில் நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசும்போது நடுவே ‘ஷட்டர்’ என்று ஒரு சொல் விழும். அவர் இரும்புக் கதவு வியாபாரி. நாங்கள் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு செத்திருக்கிறோம்.

படி 4: அன்பை எழுதத் தைரியம் வேண்டும்

கொடுமையை எழுதுவது சுலபம். பட்டறைக்கு வரும் கதைகளில் பிரம்பு, இருட்டறை, பட்டினி எல்லாம் இருக்கும். அந்தப் பிள்ளை ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்பது மட்டும் இருக்காது.

எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் யாராவது தூக்குச்சட்டியோடு வந்தார்கள். ரசம் சாதம், இட்லி, ஒருநாள் நெத்திலிக் குழம்பு. காதைத் தொட்டுப் பார்த்த அதே ஆன்ட்டி இரவு முழுக்க என் நெற்றியில் ஈரத்துணி மாற்றினார். அதே விரல்தான். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க முடியாவிட்டால் கதையை எழுத வேண்டாம், புகார் மனு எழுதுங்கள். அதற்கும் மரியாதை உண்டு, ஆனால் அது வேறு வேலை.

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’ (2003) இதைச் செய்து காட்டுகிறது. அப்பா தீவிரக் கத்தோலிக்கர். ஊருக்கு வள்ளல், சர்வாதிகாரத்தை எதிர்க்கும் பத்திரிகையை நடத்துகிறவர். வீட்டில் அடி. அவர் தன் தேநீரிலிருந்து பிள்ளைகளுக்கு முதல் மிடறு கொடுப்பார்; கொதிக்கிற தேநீர் நாக்கைச் சுடும்; பதினைந்து வயது மகள் கம்பிலிக்கு அந்தச் சூடு அப்பாவின் அன்பாகவே தெரியும். அடிச்சி அதை விளக்கிக் கெடுக்கவில்லை. பிள்ளை நாக்கை நீட்டுகிறது, நமக்குச் சுடுகிறது.

சொல்பவர் வயது என்ன என்ற கேள்வியும் இங்கேதான் தீர்கிறது. பத்து வயதுக் குரலில் எழுதினால் அன்பு தானாக வரும், புரிதல் வராது. நாற்பது வயதுக் குரலில் எழுதினால் புரிதல் வந்து அன்பை மிதித்துவிடும். நடுவில் பதினாறு, பதினேழு நல்ல வயது. சந்தேகம் வந்திருக்கும், அதற்குச் சொல் கிடைத்திருக்காது.

படி 5: காயம் உடம்பில் இருக்கிறது

‘மத மனக்காய நோய்க்குறி’ என்று 2011-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் மார்லின் வினெல். அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் அந்தப் பெயர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, 2022 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல், தப்பிக்க வழியில்லாமல் நீண்டகாலம் நீடித்த பாதிப்பின் விளைவைத் தனியாகக் குறிக்கிறது: உணர்ச்சி கட்டுக்குள் நிற்காமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நம்பிக்கை, பிறரோடு ஒட்ட முடியாமை. எழுதுகிறவருக்கு இந்த மூன்று போதும். ஆனால் கதையில் இந்தப் பெயர்கள் எதுவும் வரக்கூடாது. கீழ்ப்பாக்கம் டாக்டர் ஒருவர் கடைசி அத்தியாயத்தில் வந்து நாயகிக்கு எல்லாவற்றையும் விளக்குகிற கதையை மூன்று தடவை படித்துவிட்டேன். டாக்டர்கள் பாவம், அவர்களை விட்டுவிடுங்கள்.

உடம்பு எப்படி ஞாபகம் வைக்கிறது என்று பாருங்கள். செருப்புக் காட்சிக்கே திரும்புவோம். நான் பல வருஷம் அதை எழுதியபோது செருப்பு, அடுப்பு, முறம் எல்லாம் எழுதினேன். சமையலறை மூலையில் எப்போதும் வரிசையாக நிற்கிற பச்சை, சிவப்பு பிளாஸ்டிக் குடங்கள் அன்றைக்கு அங்கே இல்லை என்பதை நான் பார்க்கவே இல்லை. அந்த வருஷம் சென்னையில் எந்தப் பிள்ளைக்கும் முதலில் கண்ணில் படவேண்டியது அதுதான். பயம் எதைப் பார்க்க விடுகிறது, எதை மறைக்கிறது என்பதுதான் காட்சி. "அவள் பயந்தாள்" என்று எழுதத் தேவையில்லை. குடத்தை எழுதாமல் விடுங்கள், பிறகு அம்மாவின் இடுப்பில் அதைக் காட்டுங்கள்.

இன்று எனக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த நம்பிக்கை போய்ப் பல காலம். ஆனாலும் ஆபீஸிலிருந்து வந்து வீடு காலியாக இருந்தால், முதல் மூன்று விநாடி என் கண் செருப்பு அலமாரிக்குப் போகும். பாத்திரத்துக்கு இப்படி ஒரு மூன்று விநாடி கண்டுபிடித்துக் கொடுங்கள். ஒன்று போதும்.

படி 6: யாரும் ஒரே நாளில் வெளியேறுவதில்லை

சினிமா இந்த இடத்தில் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. உண்மை வெளிப்படும், நாயகி கதவை அறைந்து சாத்துவாள், மழை பெய்யும். நிஜத்தில் உண்மை வெளிப்பட்டால் நம்பிக்கை கூடவும் செய்யும். 1954 டிசம்பர் 21-ம் தேதி பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து தங்களைக் காப்பாற்றும் என்று சிகாகோ பக்கம் ஒரு சிறு குழு காத்திருந்தது. வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. தங்கள் விசுவாசத்தால்தான் உலகம் தப்பியது என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் ஊரைக் கூட்டி அறிவிக்கத் தொடங்கினார்கள் என்று சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் 1956-ல் எழுதினார்கள். ஆய்வாளர்களே விசுவாசிகள் போல நடித்து உள்ளே நுழைந்தது சரியா என்ற விமர்சனம் அந்தப் புத்தகத்தின் மேல் உண்டு. இருந்தாலும் அந்த விடியற்காலை அறையைக் கற்பனை செய்து பாருங்கள்: வேலையை விட்டவர்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வெளியே போனால் போக இடம் வேண்டுமே.

அந்த ‘இடம்’ உங்கள் கதையில் ரூபாய்க் கணக்கில் வரட்டும். சென்னையில் தனியாக ஒரு பெண் வீடு பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் என்ன கேட்பார்? அட்வான்ஸ் எத்தனை மாதம்? பத்தாம் வகுப்புச் சான்றிதழ் யார் பீரோவில் இருக்கிறது? வேளச்சேரி லேடீஸ் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வாள், பிறந்ததிலிருந்து அந்த நேரம் காலியாக இருந்ததே இல்லாதவள்? வெளியேற்றத்தின் மொத்தக் கனமும் அந்த ஞாயிறு பத்து மணியில் இருக்கிறது.

பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாறு சார்ந்த எழுத்து என்றாலும் இந்த இடத்துக்கு அதைப் படித்தே ஆக வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதிப் பாகுபாடு இருப்பதைக் கண்டு, வெளியே வந்தவர். வெளியே வந்ததும் விடுதலை என்று கொடி பிடிக்கவில்லை. வந்த பிறகு எப்படிப் பிழைப்பது என்று திணறுகிற பக்கங்கள்தான் எனக்கு அந்தப் புத்தகத்தில் மறக்காதவை.

போதகர் ஜிம் ஜோன்ஸின் குழு கூட்டமாகச் செத்த ஜோன்ஸ்டவுன் மாதிரி பெரும் சாவில் கதையை முடிக்கும் ஆசை சிலருக்கு வரும். 1978 நவம்பர் 18 அன்று கயானாவில் செத்த 900-க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 300 பேர் பிள்ளைகள். அது நடந்ததுதான். ஆனால் இப்படி வளர்ந்த பெரும்பாலானவர்கள் சாவதில்லை. ஓஎம்ஆரில் வேலைக்குப் போகிறார்கள், ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்கார்ந்து, யாராவது ஹெட்போன் இல்லாமல் பிரசங்கம் கேட்டால் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுகிறார்கள். அவர்களை எழுத ஆள் குறைவு.

படி 7: வெளியுலகத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள்

குழு கெட்டது, வெளி நல்லது என்று எழுதினால் அது இன்னொரு பிரசங்கம். 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அவர்கள் விசுவாசம் அனுமதிக்கவில்லை. மூத்தவன் பத்தாம் வகுப்பு, கடைசிப் பெண் ஐந்தாம் வகுப்பு. 1986 ஆகஸ்டில் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கிறவர்களுக்கு அது கருத்துரிமை வழக்கு. நமக்கு அது அசெம்பிளியில் நிற்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. பாடினால் வீட்டில் குற்றம், பாடாவிட்டால் பள்ளியில் குற்றம். எல்லாரும் தன் வாயையே பார்க்கிறார்கள். ஒரு சிறுகதைக்கு அந்த ஐம்பத்திரண்டு விநாடி தாராளம்.

படி 8: யாரிடம் காட்டுவது

பெயர், தெரு, சபை, ஆசிரமம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வழக்குக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மாற்றும்போதுதான் கற்பனை வேலை செய்யத் தொடங்கும். பிறர் அனுபவத்தைக் கேட்டு எழுதினால், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் தோண்டாதீர்கள். பேசுகிறவர் கை நடுங்கினால் நோட்டை மூடிவிட்டு டீ சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இந்த விவரங்கள் உங்கள் போனில் இருக்கட்டும். உங்களுக்கேகூடத் தேவைப்படலாம், எனக்குத் தேவைப்பட்டது.

முதல் பிரதியை இரண்டு பேருக்குக் காட்டுங்கள். ஒருவர் வெளியே வந்தவர். அவர் சொற்களைத் திருத்துவார். இன்னொருவர் இன்னும் உள்ளே இருப்பவர். இதுதான் கஷ்டம். அவர் கோபப்பட்டால் பரவாயில்லை. அவருக்குத் தன் முகம் அடையாளம் தெரியவில்லை என்றால் கதையில் கோளாறு.

என் அம்மா இன்னும் அதே கூட்டத்துக்குத்தான் போகிறாள். போன வருஷம் கதையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறத்தை மடியில் வைத்தபடி படித்தாள். காதுப் பசை வருகிற பக்கத்தைக் கடந்தாள். பெரியவர் தூங்குகிற பக்கத்தில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். செருப்புப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வெகுநேரம் நின்றாள்.

"அன்னிக்கு லாரி மூணு நாள் கழிச்சு வந்துச்சு பாப்பா," என்றாள். "அதான் செருப்புகூடப் போடாம ஓடினேன்."

அப்புறம் காகிதத்தை மடித்து முறத்துக்கு அடியில் வைத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.